தோல் கழண்டு வர்ற கமலா ஆரஞ்சு இப்போ எங்கே கிடைக்குது?

தெருக்கோடி

வணக்கம். சென்னையில நல்ல கமலா ஆரஞ்சு எங்க கிடைக்கும்? நான் கேக்கறது மினுமினுன்னு ஸ்டிக்கர் ஒட்டி வர்ற உருண்டைப் பழம் இல்லை. அதை உரிக்கக் கத்தி வேணும், உரிச்சாலும் வெள்ளைத் தோல் சுளையை விடாது. எனக்கு வேண்டியது, காம்புப் பக்கம் கட்டைவிரலை வெச்சதும் தோல் கழண்டு வரணும், சுளை தனித்தனியாப் பிரியணும், இனிப்போட ஒரு புளிப்பும் இருக்கணும்.

போன வாரம் ஒரு தள்ளுவண்டியில "கொடைக்கானல் கமலா சார்"னு சொல்லிக் கொடுத்தாங்க. பழம் பெருசு, தொட்டா மெத்து மெத்துனு அமுங்குது. உரிச்சா சுளை சுருங்கி ஒரு ஓரமா ஒட்டிக் கிடந்தது. சாறே இல்லை.

எந்த மாசம், எந்த ஊர்ப் பழம், எங்க வாங்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அம்மா தோல்ல குழம்பு வைப்பாங்க, அதனால மெழுகு பூசாத பழமா இருந்தா ரொம்ப நல்லது.

மண்டிப்பையன்

அண்ணே, கோயம்பேட்டுல கமிஷன் மண்டியில இருக்கேன். நீங்க மூணு பழத்தைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க.

ஸ்டிக்கர் பழம் பெரும்பாலும் வெளிநாட்டு வாலென்சியா, நேவல். அது வேற ஜாதி, தோல் கழலவே கழலாது. அடுத்தது கின்னோ. பஞ்சாப் அபோகர், ராஜஸ்தான் ஸ்ரீகங்காநகர் பக்கத்துச் சரக்கு. டிசம்பர் கடைசியில ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் வரும். நிறம் அள்ளும், சாறு ஏராளம், ஆனா கொட்டை வாய் கொள்ளாது, தோலும் கமலா மாதிரி லேசுல வராது. மூணாவதுதான் நாக்பூர். நீங்க கேக்கற பழத்துக்குச் சென்னையில கிடைக்கிறதுல கிட்டத்துல வர்றது அதுதான்.

நாக்பூர்ல ரெண்டு பருவம். தை, மாசியில பூக்குற பூ நவம்பர், டிசம்பர்ல பழமா வருது, அதை அம்பியான்னு சொல்லுவாங்க. ஜூன், ஜூலை மழைக்குப் பூக்குறது மிருக். அது பிப்ரவரி, மார்ச்ல லோடு வரும். தின்ன மிருக்தான் மேல். அம்பியாவுல புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், உங்களுக்கு அதுதானே வேணும்?

இப்போ உங்க தள்ளுவண்டிப் பழத்துக்கு வர்றேன். அது மரத்துலயே அளவு மீறிப் பழுத்தது. கமலாவுல அப்படி விட்டா தோல் வளர்ந்துகிட்டே போகும், சுளை வளராது, நடுவுல காத்து நிக்கும். அதனால பெருசைப் பாத்து எடுக்காதீங்க. நடுத்தர சைஸ்ல, கையில எடுத்தா எதிர்பார்த்ததைவிட எடை நிக்கிற பழத்தை எடுங்க.

இன்னொண்ணு, காம்பைப் பாருங்க. கத்திரி வெச்சு வெட்டின பழத்துல பொட்டு மாதிரி துளிக் காம்பு நிக்கும். கையால இழுத்துப் பிச்ச பழத்துல அந்த இடத்துல தோல் கிழிஞ்சு சின்னக் குழி இருக்கும். அழுகல் ஆரம்பிக்கிறதே அங்கதான். பெட்டிக்குள்ள அப்படி ஒண்ணு இருந்தாப் போதும், பக்கத்துல இருக்கற நாலும் நீலப்பூசணம் பிடிச்சுப் போயிடும்.

சந்தேகசாமி

கொடைக்கானல் கமலான்னு இப்போ ஒண்ணு இருக்கா என்ன? மலைக்குப் போற வழியில கூடையில அடுக்கி வெச்சு விக்கிறதெல்லாம் கீழேருந்து லாரியில மேல ஏறின நாக்பூர்ப் பழம்தான். அதை "மலைப் பழம்"னு வாங்கிட்டுத் திரும்பக் கீழ இறங்குறோம். பழம் மலையைச் சுத்திப் பாத்துட்டு வந்ததுக்கும் சேர்த்து நாம காசு கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

சிறகுவாழை

சந்தேகசாமி அண்ணன் சொல்றது பாதி சரி. டூரிஸ்ட் கூட்டம் நிக்கிற இடத்துல விக்கிறதை நம்ப வேண்டாம். ஆனா பழமே இல்லைன்னு சொல்லாதீங்க. நான் வத்தலக்குண்டுக்காரன், அப்பா வழியில மலையில கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கு.

முதல்ல ஒண்ணு. கமலா விளையறது கொடைக்கானல் டவுன்ல இல்லை. அந்தக் குளிருக்கு பேரி, பிளம்ஸ்தான் சரி. கமலாவுக்கு 500 மீட்டர்லேருந்து 1500 மீட்டர் வரைக்கும் உள்ள உயரம் வேணும். அதாவது கீழ்பழனி மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, மங்களம்கொம்பு, கே.சி.பட்டி, ஆடலூர், பன்றிமலை. இந்த ஊர்ப் பக்கம் வெளியூர் டூரிஸ்ட் பஸ் அதிகம் போறதில்லை, அதனாலதான் நிறையப் பேருக்குத் தெரியறதில்லை.

தனித் தோப்பா யாரும் வைக்கிறதில்லை. மேல சில்வர் ஓக், அதுல மிளகுக் கொடி, கீழ காப்பிச் செடி, நடுநடுவுல மலைவாழையும் கமலாவும். தாத்தா காலத்துல காப்பி செலவுக்கு, கமலா லாபத்துக்குன்னு கணக்கு வெச்சிருந்தாங்களாம். இப்போ ஒரு தோட்டத்துல அங்கங்க சில மரம் நின்னாலே பெருசு.

பழம் பாக்கப் பகட்டா இருக்காது. மஞ்சளும் பச்சையுமா இருக்கும், தோல்ல சொரி, தழும்பு எல்லாம் உண்டு. இலையோட, காம்போடதான் இறக்குவாங்க. உரிக்கும்போது தோலெண்ணெய் பீய்ச்சுற வாசனை அறை முழுக்க நிக்கும். இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே வரும். மார்கழியில ஆரம்பிச்சு மாசி வரைக்கும் வாங்கலாம். மழைக்காலத்துலயும் கொஞ்சம் காய்ப்பு உண்டு, அது தண்ணியாத்தான் இருக்கும், அதை நம்பி மலை ஏறாதீங்க.

போறதுன்னா வத்தலக்குண்டுலேருந்து பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், சித்தரேவு, பெரும்பாறை வழியா தாண்டிக்குடி பஸ் இருக்கு. பெரும்பாறையில இறங்கி டீக்கடையில "எந்தத் தோட்டத்துல கமலா இறக்குறாங்க"ன்னு கேளுங்க, ஆள் காட்டுவாங்க. மரத்தடியில வாங்குறதுக்கு ஈடு கிடையாது.

கேக்குமாமி

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். எனக்கு டின்ல வர்ற மாண்டரின் சுளை வேணும். கேக் மேல அடுக்க. வெள்ளை நார், மேல் சவ்வு எதுவும் இல்லாம கண்ணாடி மாதிரி இருக்குமே, அது. பெரிய கடையில சில சமயம் இருக்கு, சில சமயம் இல்லை. வீட்டிலேயே செய்ய வழி உண்டா? கையால சவ்வை உரிச்சா சுளை உடைஞ்சு கூழாயிடறது.

வேரும்விழுதும்

கேக்குமாமி அவர்களுக்கு: டின்னில் வருவது சாட்சுமா வகை, கொட்டை கிடையாது. தொழிற்சாலையில் சவ்வைக் கையால் உரிப்பதில்லை. சுளையை முதலில் நீர்த்த அமிலத்திலும் பிறகு நீர்த்த காரத்திலும் ஓட விடுவார்கள். சவ்வு கரைந்துவிடும், பிறகு நன்றாகக் கழுவிச் சர்க்கரைப் பாகில் அடைப்பார்கள். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பைக் குறைத்து, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டு, சுளைகளை ஓரிரு நிமிடம் மட்டும் விட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். சவ்வு இளகி வழித்தால் வந்துவிடும். இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் சோடா வாடை நிற்கும். நாக்பூர்ப் பழத்தில் கொட்டையை முதலில் எடுத்துவிடுங்கள்.

இனி இழையின் விஷயம். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிறகுவாழை "இப்போது சில மரம் நின்றாலே பெரிது" என்று ஒரு வரியில் கடந்துவிட்டார். அங்கேதான் மொத்தக் கதையும் இருக்கிறது.

கீழ்பழனி மலையில் கமலா போனதற்குக் காரணம் விலை அல்ல, வியாபாரி அல்ல. கிரீனிங் என்கிற நோய். மரத்தின் சாறு ஓடும் குழாய்களுக்குள் குடியேறும் ஒரு பாக்டீரியா அது. சில்லிட் என்ற கடுகளவுப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. இலை ஒரு பக்கம் மஞ்சளும் ஒரு பக்கம் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறும். சத்துக் குறைவு என்று நினைத்துத் துத்தநாகம் தெளிப்பார்கள். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் சத்துக் குறைவில் இலையின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி வெளுக்கும். நோயில் நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி. பிறகு பழம் சிறுத்துக் கோணிப்போகும், அடிப்பக்கம் பச்சையாகவே நின்றுவிடும், கொட்டை கருகும், சாறு கசக்கும். சில ஆண்டுகளில் மரம் நுனியிலிருந்து காய்ந்து போகும். மருந்து கிடையாது. நோய் வந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதுதான் வழி, காய்க்கிற மரத்தை வெட்ட எந்த விவசாயிக்கு மனம் வரும்?

இதை இன்னும் பரப்பியது நாம் கொடுத்த கன்றுகள்தான். நோய் கண்ட தாய்மரத்தில் மொட்டு எடுத்து ஒட்டுக் கட்டினால் கன்று பிறக்கும்போதே நோயோடு பிறக்கிறது. பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும்.

குடகிலும் இதே கதை. காப்பித் தோட்டத்துக்குள் கமலா வளர்க்கும் முறையும் அதே, நோயும் அதே. அந்தக் குடகுப் பழமான கூர்க் ஆரஞ்சுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பழம்தான் குறைந்துவிட்டது.

ஃப்ரெஸ்னோதம்பி

ஐயா சொன்ன அதே நோய் இங்க அமெரிக்காவையும் ஆட்டி வெச்சிருக்கு. ஃபுளோரிடாவுல 2005ல கண்டுபிடிச்சாங்க. 2003-04ல 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், 2023-24ல 2 கோடிப் பெட்டியைத் தொடலை. கலிஃபோர்னியாவுல 2012ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு வீட்டு மரத்துலதான் முதல்ல அகப்பட்டுச்சு.

நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு நேரடித் தொல்லை உண்டு. அந்தச் சில்லிட் பூச்சிக்குக் கறிவேப்பிலைன்னா ரொம்ப இஷ்டம். அதனால நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதின்னு அறிவிச்ச இடத்துலேருந்து கறிவேப்பிலைச் செடியை வெளிய கொண்டுபோகத் தடை இருக்கு. நண்பர் வீட்டுக் குடிபுகு விழாவுக்கு ஒரு தொட்டி கறிவேப்பிலை கொண்டுபோறதுக்கு முன்னாடி மேப்பைப் பாக்க வேண்டியிருக்கு.

இங்க இருக்கற தமிழர்களுக்கு: நவம்பர், டிசம்பர்ல உழவர் சந்தையில இலையோட சாட்சுமா வரும், நம்ம கமலா மாதிரியே தோல் கழலும். மார்ச்லேருந்து கலிஃபோர்னியா ஓஹாய் பள்ளத்தாக்குல விளையற பிக்ஸி மாண்டரின். சின்னது, கொட்டை இல்லை, இனிப்பு. பை போட்டு விக்கிற குட்டி ஆரஞ்சு அவசரத்துக்கு ஆகும், ஆனா வாசனை கிடையாது.

சந்தேகசாமி

@வேரும்விழுதும் ஐயா, நோய்னு ஒத்துக்கறேன். ஆனா விவசாயி விட்டதுக்கு நோய் மட்டுமா காரணம்? மிளகு விலை ஏறுச்சு, பட்டர் ஃப்ரூட்டுக்கு ஊரெல்லாம் கிராக்கி வந்துச்சு. நோயே வரலைன்னாலும் கமலாவை வெட்டிட்டு அதைத்தான் வெச்சிருப்பாங்க.

சிறகுவாழை

அண்ணே, வரிசையைத் திருப்பிப் போடுறீங்க. மரம் செத்த இடத்துலதான் பட்டர் ஃப்ரூட் வந்துச்சு. எங்க தோட்டத்துல காய்ச்சுட்டிருந்த ஒரு கமலாவைக்கூட யாரும் வெட்டலை. பட்டுப்போனதை வெட்டினோம், இடம் சும்மா கிடந்தது, வெச்சோம். மிளகு எப்பவும் இருந்தது, அது கமலாவோட இடத்தைக் கேக்காது, சில்வர் ஓக் மேல அது பாட்டுக்கு ஏறிக்கும்.

மலைவாழைக்கு முடிக்கொத்து நோய், கமலாவுக்கு கிரீனிங். ஒரே சரிவுல ரெண்டும் போச்சு. மலைக்காரன் விலையைப் பாத்து மாறிட்டான்னு கீழ உக்காந்து சொல்றது சுலபம்.

மண்டிப்பையன்

சண்டை வேண்டாம்ணே. மார்க்கெட் பக்கத்துலேருந்து ஒண்ணு சொல்றேன். மலைக் கமலா கோயம்பேட்டுக்கு லோடா வர்றதில்லை. வந்தா ஒரு பெட்டி ரெண்டு பெட்டி, அதுவும் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லி வெச்சது. ஏலத்துல நாக்பூர்ப் பழத்துக்குப் பக்கத்துல வெச்சா நிறத்துக்கே அடிபட்டுப் போகும். சில்லறைக்காரர் ஆரஞ்சு நிறம் இல்லாத ஆரஞ்சை எப்படி விப்பாரு?

வேரும்விழுதும்

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் பச்சையாக இருந்தால் காய் என்று அர்த்தமில்லை. இரவில் நல்ல குளிர் விழுந்தால்தான் தோலில் உள்ள பச்சையம் மறைந்து ஆரஞ்சு நிறம் வெளியே தெரியும். நாக்பூர் இருக்கிற விதர்பாவிலும் பஞ்சாபிலும் அந்தக் குளிர் உண்டு. நம் மலைச் சரிவுகளில் இரவு அவ்வளவு குளிர்வதில்லை, அதனால் உள்ளே பழுத்தாலும் வெளியே பச்சை நிற்கும். எத்திலீன் வாயு அறையில் வைத்து நிறம் ஏற்றுவதும் வழக்கம்தான், அதில் நிறம் மாறுமே தவிர இனிப்பு ஏறாது.

பொடனூர்

கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துல இருக்கறவங்க நெல்லியாம்பதியை மறந்துட்டீங்க. பாலக்காடு தாண்டி நெம்மாறை, போத்துண்டி அணை வழியா ஏறணும். மேல கேரள அரசோட ஆரஞ்சு, காய்கறிப் பண்ணை ஒண்ணு இருக்குது. பருவத்துல போனா பழம் கிடைக்கும், பருவம் இல்லாதப்ப அவங்க போடுற ஸ்குவாஷ், ஜாமுதான். போறதுக்கு முன்ன ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்க, மலை ஏறிட்டு வெறுங்கையோட வர வேண்டியதில்லைங்க.

ஏற்காட்டுலயும் எஸ்டேட் ஓரமா கொஞ்சம் கிடைக்கும். கொல்லிமலைப் பக்கமும் உண்டு. எங்கயும் மூட்டை கணக்குல எதிர்பாக்காதீங்க.

கிள்ளான்வாசி

மலேசியாவுலேருந்து வணக்கம். எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல லா. சீனப் பெருநாள், அதான் சீனப் புத்தாண்டு, நெருங்குனா எந்தக் கடைக்குப் போனாலும் மாண்டரின் பெட்டி சுவர் உயரத்துக்கு அடுக்கியிருப்பான். சீனாவுலேருந்து வர்ற லூகான், பொங்கான், அப்புறம் பாகிஸ்தான் கின்னோவும் வரும். லூகான் கொஞ்சம் பெருசு, தோல் தளர்வு, நீங்க கேக்குற மாதிரியே சுளை பிரியும்.

பெருநாள் வீட்டுக்குப் போறப்ப ஜோடியாத்தான் கொண்டு போகணும், ஒத்தைப் பழம் கொடுக்கக் கூடாது. ரெண்டு கையாலும் நீட்டணும். அவங்களும் திரும்ப ரெண்டு பழம் கொடுத்து அனுப்புவாங்க. எங்க பக்கத்து வீட்டுச் சீன அம்மா தீபாவளிக்கு வாங்கிட்டுப் போன முறுக்கு டப்பாவை மறக்காம மாண்டரின் நிரப்பித்தான் திருப்பிக் கொடுப்பாங்க. பதினஞ்சாவது நாள் சாப் கோ மேய். கல்யாணம் ஆகாத பொண்ணுங்க பழத்துல பேர் எழுதி ஆத்துல, கடல்ல போடுவாங்க. எங்க பசங்களும் போய் நிக்கிறதுண்டு, அது வேற கதை.

பெருநாள் முடிஞ்ச மறுவாரம் வாங்குனா விலை பாதி. ஆனா பாதிப் பெட்டி காத்து அடைச்ச பழம்.

மாடித்தோட்டம்_மயிலை

சென்னையில தொட்டியில கமலா வளக்க முடியுமா? நர்சரியில "சைனீஸ் ஆரஞ்சு"ன்னு ஒரு செடி கொடுத்தாங்க. கொத்துக் கொத்தாக் காய்க்குது, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெருசு. நிறம் அழகு. வாயில வெச்சா எலுமிச்சை தோத்துது.

கிள்ளான்வாசி

அது எங்க ஊரு லிமாவ் கஸ்தூரி மா! மீ கோரெங் தட்டு ஓரத்துல பாதி வெட்டி வெப்பாங்களே, அதுதான். சாறு பிழிஞ்சு அசாம்பொய் (உப்புல ஊற வெச்சுக் காய வெச்ச ப்ளம்ஸ்) போட்டுக் குடிச்சுப் பாருங்க. உரிச்சுத் தின்ற பழம் இல்ல அது.

வேரும்விழுதும்

ஆமாம், அது காலமாண்டின். மாண்டரினுக்கும் கும்குவாட்டுக்கும் பிறந்த கலப்பு. ஊறுகாய்க்கு மிகவும் நன்று.

கமலாவைச் சென்னைத் தொட்டியில் வைத்தால் செடி வரும், பூவும் வரும். பழம் பச்சைத் தோலோடு புளிப்பாகத்தான் முடியும். ஆசைக்கு வைப்பதானால் வழியோரக் கன்று வாங்காதீர்கள். தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பெரும்பாறை தாண்டி தாண்டிக்குடி போகும் வழியில்தான். அங்கே விசாரித்து வாங்குவது நல்லது. பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதன் கொழுந்தை அடிக்கடி கவனியுங்கள்.

தெருக்கோடி

இவ்வளவு விஷயம் வரும்னு நினைக்கலை, எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கின்னோவைப் பஞ்சாப் பழம்னே எல்லாரும் சொல்றோம், அங்க பழங்காலத்துலேருந்து இருக்கா? அப்புறம் மெழுகு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலை.

வேரும்விழுதும்

கின்னோ பிறந்தது கலிஃபோர்னியாவில். ஹெச்.பி. ஃப்ராஸ்ட் என்ற விஞ்ஞானி கிங், வில்லோ லீஃப் என்ற இரண்டு மாண்டரின் வகைகளைக் கலந்து உருவாக்கி, 1935இல் வெளியிட்டார். அமெரிக்காவில் அது பெரிதாக எடுபடவில்லை. 1950களில் அபோகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது, பஞ்சாபின் வெயிலும் குளிரும் கால்வாய்த் தண்ணீரும் அதற்கு அமைந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானிலும் அதுதான் ராஜா. கிள்ளான்வாசி சொன்ன கின்னோ அங்கிருந்து போவது.

மெழுகு: தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, ஷெல்லாக் இவற்றைப் பழத்தின் மேல் பூச உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது, ஆனால் பூசியதை லேபிளில் சொல்ல வேண்டும். சில்லறையில் யார் சொல்கிறார்கள்? பழத்தைத் தின்பதற்குப் பயமில்லை. தோலைச் சமைப்பதானால் தவிர்க்கலாம். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி வந்தால் மெழுகு.

மண்டிப்பையன்

எங்ககிட்ட வர்ற நாக்பூர் சரக்குல பூசினதும் உண்டு, பூசாததும் உண்டு. கிரேடு பண்ணி அட்டைப்பெட்டியில வந்தா பெரும்பாலும் பூசினது. மரப்பெட்டியில, வைக்கோல் போட்டு வர்றது அப்படியே தோட்டத்துலேருந்து ஏத்தினது. வாருட், மோர்ஷி பக்கத்து லோடு வந்திருக்கான்னு கேளுங்க. விடியற்காலை வந்தா நல்லதா பொறுக்கலாம், வெயில் ஏறினா மிச்சம்தான்.

வெயில் காலத்துல வந்து கமலா கேக்காதீங்க. மே மாசத்துக்கு மேல வர்றது ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மாண்டரின். அங்க அப்பதான் குளிர்காலம். கொட்டை கிடையாது, தோலும் லேசா வரும், நல்ல பழம்தான். 2022 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவோட போட்ட ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் குறிப்பிட்ட அளவு வரைக்கும் வரியும் பாதியாச்சு. ஆனாலும் விலை நம்ம ஊர்ப் பழத்தோட சேராது.

அரிசிமாவு

தோல் குழம்புன்னு பாத்ததும் ஓடி வந்தேன். தெருக்கோடி, அம்மா எப்படிப் பண்ணுவாங்கன்னு சொல்லுங்க. எங்க வீட்டுல, உரிச்ச தோலோட உள் வெள்ளையைக் கரண்டிக் காம்பால சுரண்டிட்டுப் பொடிப்பொடியா நறுக்குவோம். நல்லெண்ணெய் தாராளமா விட்டு, கடுகு, வெந்தயம், மிளகாய் வத்தல், பெருங்காயம் தாளிச்சு, தோலைப் போட்டு நிறம் மாறற வரைக்கும் வதக்கணும். இந்த வதக்கல்ல அவசரப்பட்டா கசப்பு போகாது. அப்புறம் கெட்டியாப் புளி கரைச்சு விட்டு, சாம்பார் பொடி, உப்பு, கொதிச்சு எண்ணெய் மேல மிதக்கும்போது ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லம். தயிர் சாதத்துக்கு வேற எதுவும் வேண்டாம்.

கின்னோத் தோல்ல பண்ணாதீங்க. ரப்பர் மாதிரி நிக்கும்.

தெருக்கோடி

அம்மா வெல்லம் போட மாட்டாங்க, கடைசியில கொஞ்சம் வறுத்த எள்ளுப் பொடி தூவுவாங்க. மத்ததெல்லாம் அதேதான்.

மேகாலயா_ரிட்டர்ன்

ஷில்லாங்ல சில வருஷம் வேலை பாத்தவன்ங்கற முறையில ஒரு பிட்டு. கமலாவோட சொந்த ஊரே அந்தப் பக்கம்னு சொல்லலாம். காரோ மலையில நோக்ரெக் காட்டுல காட்டு ஆரஞ்சு தானா வளர்றதை அப்படியே பாதுகாத்து வெச்சிருக்காங்க. நவம்பர்லேருந்து ஷில்லாங் ஐயூடு சந்தையில காசி ஆரஞ்சு (வாரணாசி இல்லை, மேகாலயாவோட காசி மலை) மூங்கில் கூடையில வந்து இறங்கும். காசி மலையோட தெற்குச் சரிவு, வங்கதேச எல்லையைப் பாத்து இறங்கும்ல, அங்க விளையறது. நாக்பூரைவிடச் சின்னது, தோல் மெலிசு, வாசனை ஜாஸ்தி. ராணுவத்துலயோ பேங்க்லயோ அந்தப் பக்கம் இருக்கற சொந்தக்காரங்க டிசம்பர் லீவுக்கு வந்தா கேட்டு வாங்குங்க.

சந்தேகசாமி

சரி, நான் ஒரு பக்கம் ஒத்துக்கறேன், சிறகுவாழை தோட்டத்துல பழம் இருக்கு. தெருக்கோடி, நீங்க பெரும்பாறை போறதா இருந்தா சொல்லுங்க, நானும் வர்றேன். மரத்துல தொங்கறதைப் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை.

சிறகுவாழை

வாங்கண்ணே. தை பிறந்து ரெண்டாவது வாரம் எங்க பக்கத்துத் தோட்டத்துல இறக்குவாங்க. வார நாள்ல வாங்க, சனி ஞாயிறு புல்லாவெளி அருவிக்கு வர்ற கூட்டத்துல பஸ்ல நிக்க இடம் இருக்காது. பிளாஸ்டிக் பை கொண்டு வராதீங்க, உள்ள வேர்த்துப் பழம் கெட்டுப்போகும். சாக்கோ, ஓலைக்கூடையோ போதும். எவ்வளவு வேணும்னு தனிமடல்ல சொல்லிடுங்க, மரம் கம்மி, முன்கூட்டியே சொன்னாத்தான் நிறுத்தி வைக்க முடியும்.

கேக்குமாமி

சமையல் சோடா வேலை செஞ்சுது! சவ்வு அழகா வழிஞ்சு வந்துடுத்து. சிறகுவாழை, எனக்கும் அஞ்சு கிலோ போட்டு வைங்கோ. சந்தேகசாமி கூடையில கொடுத்து அனுப்பினா நான் தாம்பரத்துல வந்து வாங்கிக்கறேன்.

சந்தேகசாமி

அஞ்சு கிலோவை நான் தூக்கணுமா மாமி? கேக்குல ஒரு துண்டு உண்டுன்னா யோசிக்கலாம்.